பச்சைப் பாம்பை வளர்க்கலாமா?

சொந்தக் காணியை விட்டு வந்து உறவினர் வளவிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருப்பவர்களும், பல வருடங்களின் பின் திரும்பிப் போய்ப் பற்றை வெட்டி மீண்டும் மிளகாய்க் கன்று நட்டவர்களும் எமது வாசகர்களுள் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் பொதுவான ஒரு கேள்வியை இப்பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். "பிள்ளை வேலியிலிருந்து பச்சைப் பாம்பொன்றைப் பிடித்துப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறான். பெரிய நஞ்சில்லாத பாம்புதானே, வளர்க்க விடலாமா?"

இது சிரித்து விட்டுவிடக்கூடிய கேள்வியல்ல. இடம்பெயர்ந்த வீட்டில் தனக்கென்று சொல்லிக்கொள்ளப் பிள்ளைக்கு அதிகம் இல்லை. நாயை விட்டுவிட்டு வந்தோம். ஆட்டை வந்த விலைக்கு விற்றோம். மாட்டைக் கட்டவிழ்த்து விட்டு வந்தோம். பெரியவர்கள் காணியையும் வீட்டையும் நினைத்து அழும்போது, பிள்ளை தன் நாயை நினைத்து அழுததை நாம் கவனித்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, வேலியில் தொங்கும் பச்சைப் பாம்பு காசு கொடுக்காமல் கிடைக்கும் ஓர் உயிர். ஆகவே "எறியடா அதை" என்று அதட்டுவது போதிய விடையாகாது. "பாவம், வைத்திருக்கட்டும்" என்று விடுவதும் சரியான விடையாகாது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இந்தப் பாம்பு எது?

பச்சைப் பாம்பு, கொடிப்பாம்பு, கண்கொத்திப் பாம்பு, கண்குத்திப் பாம்பு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் நாம் பேசுவது ஒரே பாம்பைப் பற்றித்தான். இலைப் பச்சை நிறம், விரல் மொத்தம், நான்கைந்து அடி நீளம், கூரிய மூக்கு, நீண்டு மெலிந்த வால். காற்றில் கொடி ஆடுவது போலத் தானும் மெல்ல ஆடிக்கொண்டு செடியோடு செடியாக நிற்கும். பகலில் இரை தேடும். இரவில் கிளையில் உறங்கும். நிலத்தில் இறங்குவது குறைவு. இதே உருவத்தில் காய்ந்த கொடியின் நிறமுடைய இன்னொரு இனமும் எமது நாட்டில் உண்டு.

இதன் கண்ணை உற்றுப் பார்த்தால் ஒரு புதுமை தெரியும். பெரும்பாலான பாம்புகளின் கண்மணி வட்டமாக இருக்கும், அல்லது பூனையின் கண்மணி போல நிமிர்ந்த கீற்றாக இருக்கும். இதன் கண்மணியோ கிடையாக, திறப்புத் துவாரம் போல அமைந்துள்ளது. கண்ணுக்கு முன்னால் மூக்கு நுனி வரை ஒரு சிறு பள்ளமும் ஓடுகிறது. இதனால் இரு கண்களாலும் ஒரே பொருளை முன்னோக்கிப் பார்த்து, தூரத்தை மட்டிட்டுப் பாய அதனால் முடிகிறது. ஓணானையும் பல்லியையும் தவளையையும் அது இப்படித்தான் பிடிக்கிறது. சிலவேளை சிறு குருவியும் அகப்படும்.

முட்டையிடாமல் குட்டி ஈனும் பாம்பு இது. இலண்டன் விலங்கினச் சாலையில் 1885 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலிருந்து தனியாக வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் பாம்பு, 1888 ஆம் ஆண்டு ஓகஸ்டில் குட்டி ஈன்றதாகப் பதிவு உண்டு. மூன்று வருடங்களாக ஆண் துணையில்லாத பாம்பு எவ்வாறு குட்டி ஈன்றது என்று இன்றும் வியப்போடு பேசுகிறார்கள். வேலியில் நாம் கவனியாமல் கடந்துபோகும் ஓர் உயிருக்குள் இத்தனை வியப்பு அடங்கியிருக்கிறது.

2. கண்ணைக் கொத்துமா?

ஒருவரை விடாமல் கவனித்துக்கொண்டிருப்பதைக் "கண்கொத்திப் பாம்பு போலப் பார்த்திருக்கிறான்" என்கிறோம். சிங்கள மக்கள் இதற்கு வைத்திருக்கும் "அஹெட்டுல்லா" என்ற பெயருக்கும் கண்ணைப் பறிப்பது என்றே பொருள். விஞ்ஞானிகள் இந்தப் பாம்பின் இனத்துக்கு வைத்த பெயரும் அந்தச் சிங்களச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டதே. ஆக, இரண்டு மொழி பேசுவோரும் இதைப் பார்த்து ஒரே விதமாகப் பயந்திருக்கிறோம்.

உண்மையில் இது கண்ணைத் தேடி வந்து கொத்தும் பாம்பல்ல. செடியில் எமது நெஞ்சளவு, முகத்தளவு உயரத்தில் நிற்பதாலும், கூரிய மூக்கை நேரே நீட்டிப் பார்ப்பதாலும் அந்தப் பயம் எழுந்திருக்கலாம். மிரண்டால் உடலை ஊதும். அப்போது செதில்களுக்கிடையில் கறுப்பும் வெள்ளையுமான கோடுகள் தெரியும். வாயை அகலத் திறந்து காட்டும். "கிட்ட வராதே" என்று அது சொல்லும் முறை அது. அதன் பின்னும் நெருங்கினால் கடிக்கும். முகத்துக்கு நேரே பிடித்து விளையாடினால் முகத்திலும் கடிக்கலாம்.

தமிழ்நாட்டுச் சில ஊர்களில், பச்சைப் பாம்பைக் கையால் உருவி விட்டால் சமையலில் கைமணம் வரும் என்றொரு நம்பிக்கை இருந்தது. கொல்ல வைக்கும் மூடநம்பிக்கையும் தொட வைக்கும் மூடநம்பிக்கையும் இரண்டுமே அந்தப் பாம்புக்குக் கேடுதான்.

3. நஞ்சு உண்டா?

உண்டு, ஆனால் மென்மையானது. இதன் நச்சுப் பற்கள் வாயின் பின்புறத்தில் இருக்கின்றன. அந்த நஞ்சு ஓணானை அடக்கப் போதும்; மனிதரைக் கொல்லப் போதாது. கடிபட்ட இடத்தில் வலியும் வீக்கமும் ஏற்பட்டு, இரண்டு மூன்று நாட்களில் தணிவதே வழக்கம். சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். கடித்தது பச்சைப் பாம்புதானா என்பதில் சிறிதளவு ஐயம் இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இங்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. பச்சை நிறமுள்ளதெல்லாம் பச்சைப் பாம்பல்ல. மலைநாட்டுக்கும் ஈரவலயத்துக்கும் கூலி வேலைக்குப் போகும் எமது குடும்பத்தவர்கள் தேயிலைச் செடிகளிடையே பச்சை விரியனைக் காணலாம். அது மொத்தமான உடலும், அகன்ற முக்கோணத் தலையும், குட்டை வாலும், பச்சையின் மேல் கருங்கோலங்களும் உடையது. அதன் கடி கடும் வேதனையையும் வீக்கத்தையும் தரும். ஊரில் பச்சைப் பாம்பைக் கையால் பிடித்துப் பழகிய பிள்ளை அங்கே எதை நோக்கிக் கை நீட்டுவான் என்று எண்ணிப் பாருங்கள்.

4. போத்தலுக்குள் என்ன நடக்கிறது?

பிள்ளை அன்பினால்தான் போத்தலில் போடுகிறான். ஆனால் அந்த அன்பு பாம்பைச் சென்றடைவதில்லை.

முதலாவது, வெப்பம். பாம்பு தன் உடற்சூட்டைத் தானே சீராக்க முடியாத பிராணி. வெயில் கூடினால் நிழலுக்குப் போகும். குளிர்ந்தால் வெயிலுக்கு வரும். தகரக் கூரையின் கீழ், மூடிய போத்தலுக்குள் அது போவதற்கு இடமில்லை. சித்திரை வெயிலில் சிறிது நேரத்திலேயே வெந்து இறந்துவிடும். மூடியில் ஓட்டை போட்டால் காற்றுத்தான் வரும், நிழல் வராது.

இரண்டாவது, உணவு. சோறு, பால், முட்டை எதையும் இது தின்னாது. செத்த இரையையும் பெரும்பாலும் தொடாது. உயிருள்ள ஓணானோ பல்லியோ தவளையோ வேண்டும். அதையும் செடியில் மறைந்து நின்று பார்த்துப் பிடித்தே பழகியது. கண்ணாடிக்குள் மிரண்டு கிடக்கும் பாம்பு இரை முன்னே நின்றாலும் பேசாமல் இருக்கும். பாம்பு பல நாட்கள் உண்ணாமல் உயிரோடிருக்கும் இயல்புடையது. ஆகவே பிள்ளை "நல்லாய்த்தான் இருக்கு" என்று எண்ணிக்கொண்டிருப்பான். அது பட்டினியால் வற்றிக்கொண்டிருக்கும். எட்டிப் பார்த்தால் அசையாமல் இருப்பதை அமைதி என்று நாம் தவறாக எண்ணுகிறோம்.

மூன்றாவது, தண்ணீர். இது இலையில் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்து வாழ்வது. சிரட்டையில் வைத்த தண்ணீரைப் பலவேளை கண்டுகொள்ளாது.

நான்காவது, காயம். கண்ணாடி என்ற ஒன்று இருப்பது பாம்புக்குத் தெரியாது. வெளியே பச்சை தெரிகிறது, போவோம் என்று மூக்கால் மீண்டும் மீண்டும் முட்டும். கூரிய மூக்கு நுனி சிதைந்து, வாய் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். மெல்லிய உடலை இறுக்கிப் பிடித்தால் விலா எலும்பும் முள்ளந்தண்டும் நொறுங்கும்.

மேல்நாடுகளில் கொடிப்பாம்பு வளர்ப்போர் இருக்கிறார்கள். அவர்கள் உயரமான கண்ணாடிக் கூண்டு அமைத்து, செடி நட்டு, நாளாந்தம் நீர் தெளித்து, வெப்ப விளக்குப் போட்டு, உயிருள்ள பல்லியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அங்கே விற்பனைக்கு வருவனவற்றில் பெரும்பாலானவை தென்கிழக்காசியக் காடுகளில் பிடிக்கப்பட்டு, நெடுந்தூரப் பயணத்தில் நீர் வற்றி, புழுக்களோடும் புண்ணோடும் வந்து சேர்பவை. அத்தனை வசதியிருந்தும் பல இறந்துவிடுகின்றன. எமது கொட்டிலில் ஒரு போத்தலால் என்ன செய்ய முடியும்?

5. பெரிய ஆபத்து பச்சைப் பாம்பில் இல்லை

பச்சைப் பாம்பு பிள்ளையைக் கொல்லாது. ஆனால் அதைப் பிடிக்கும் பழக்கம் கொல்லக்கூடும். "பாம்பு பிடிக்கத் தெரியும்" என்ற துணிவு ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த பாம்பையும் கை பிடிக்கத் தேடும்.

எமது வரண்ட பிரதேசத்தில் அந்த அடுத்த பாம்பு எதுவாக இருக்கும்? யாழ்ப்பாணம், மன்னார்க் கரையோர மணலில் ஓர் அடி நீளமேயுள்ள சுருட்டை விரியன் சின்னதாக, வடிவாகச் சுருண்டு கிடக்கும். புடையன் என்று நாம் சொல்லும் கண்ணாடி விரியனின் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணித் தூக்கியவர்கள் உண்டு. எட்டடி விரியனையும், அதைப்போலவே வெள்ளைப் பட்டி போட்ட, ஆபத்தில்லாத ஓநாய்ப் பாம்பையும் பிரித்தறியப் பெரியவர்களே தடுமாறுவார்கள். பத்து வயதுப் பிள்ளை எப்படி அறிவான்?

2016 இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் 80,000 பேர் வரை பாம்புக்கடிக்கு உள்ளாவதாகவும், அவர்களுள் 30,000 பேர் வரை உடலில் நஞ்சேறியோர் எனவும், 400 க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. கடிபடுவோரில் பெரும்பாலானோர் எம்மைப் போன்ற கிராமத்தவர்கள்.

இன்னொரு ஆபத்து எமது இடங்களுக்கே உரியது. பாம்பைத் துரத்தும் பிள்ளை நிலத்தைப் பார்ப்பதில்லை. யுத்தம் 2009 இல் முடிந்த பின்னரும், கண்ணிவெடி முற்றாக அகற்றப்படாத பற்றைகள் வடக்கில் மீந்திருந்தன. மண்டையோட்டுச் சின்னமுள்ள சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்குள், அல்லது வெடிபொருள் அகற்றியதாக அறிவிக்கப்படாத காணிக்குள், பாம்புக்காகவும் பந்துக்காகவும் ஆட்டுக்காகவும் எவரும் கால் வைக்கக்கூடாது. இதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

6. கடிபட்டால்

எந்தப் பாம்பு கடித்தாலும் பின்வருவனவற்றைச் செய்வோம்.

- கடிபட்டவரை அமைதிப்படுத்தி, ஓடவும் நடக்கவும் விடாமல் படுக்க வைப்போம். கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி ஒரு தடியோடு சேர்த்து, இறுக்காமல் கட்டுவோம்.
- மோதிரம், காப்பு, கொலுசு, மணிக்கூடு ஆகியவற்றை உடனே கழற்றுவோம். வீங்கிய பின் கழற்ற முடியாது.
- கயிற்றால் இறுக்கிக் கட்ட மாட்டோம், கீற மாட்டோம், வாயால் உறிஞ்ச மாட்டோம்.
- பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. தூரத்திலிருந்து கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும். அதற்காக நேரத்தை வீணாக்கக்கூடாது.
- வலியில்லை என்று காத்திருக்க மாட்டோம். எட்டடி விரியன் கடித்தால் வலி மிகக் குறைவு. சில மணி நேரத்தில் மூச்சு நிற்கலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பாம்பு நஞ்சுக்கு மாற்று மருந்து அரசாங்க வைத்தியசாலையில்தான் கிடைக்கும்.

நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல். எட்டடி விரியன் இரவில் நிலத்தில் உறங்குவோரையே அதிகம் கடிக்கிறது. கட்டில் இல்லாவிட்டாலும் நுளம்புவலையைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிக்கொண்டு படுப்பது பெரும் பாதுகாப்பு.

7. சட்டமும் பணத்தாசையும்

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் காட்டு விலங்குகளைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்துகின்றன. அனுமதிப் பத்திரமின்றி ஊர்வன எதையும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். எமது நாட்டின் ஓணான்களுக்கும் பாம்புகளுக்கும் வெளிநாட்டுச் சந்தை உண்டு. "பிடித்துத் தா, காசு தருகிறேன்" என்று எவராவது பிள்ளைகளிடம் கேட்டால், கிராம அலுவலருக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். அகப்படும்போது வாங்கியவர் தப்பிவிடுவார். பிடித்துக் கொடுத்த ஏழைதான் நீதிமன்றப் படியேறுவார்.

8. வளர்க்க விரும்பினால் வேலியை வளர்ப்போம்

அப்படியானால் பிள்ளைக்கு என்ன சொல்வது? "இந்தப் பாம்பை வளர்க்கலாம், ஆனால் அதன் வீடு போத்தல் அல்ல, வேலி" என்று சொல்லுங்கள்.

முதலில் போத்தலில் உள்ளதை விடுவிப்போம். பெரியவர் ஒருவர், வெயில் ஏறுமுன், பிடித்த அதே வேலியின் கீழ்ப் போத்தலைக் கிடையாக வைத்து மூடியைத் திறந்துவிட்டு விலகி நிற்கட்டும். தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவது இரக்கமல்ல. அறியாத இடத்தில் விடப்பட்ட உயிரின் பாடு என்னவென்று இடம்பெயர்ந்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

பின்னர் வேலியைப் பார்ப்போம். மீளக்குடியமர்ந்த பலர் முட்கம்பியோ தகரமோ அடித்துவிட்டு இருக்கிறார்கள். மாரி மழை தொடங்கும் ஐப்பசியில் கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை நடுங்கள். கைப்பிடி மொத்தமும் ஐந்தடி நீளமுமான தடிகளை ஓரடி ஆழத்தில் நெருக்கமாக நட்டால், அடுத்த வருடம் உயிர்வேலி கிடைக்கும். சீமைக்கிளுவைக் குழை வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளை, ஆட்டுக்குத் தீன். வெட்டும்போது முழு வேலியையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் ஒரு பக்கத்தை இம்முறையும் மறுபக்கத்தை அடுத்த முறையும் வெட்டினால், குருவிக்கும் ஓணானுக்கும் பச்சைப் பாம்புக்கும் ஒதுங்க இடமிருக்கும்.

வேலியின் மேற்பகுதி பச்சையாக இருக்கட்டும். அடிப்பகுதி துப்புரவாக இருக்கட்டும். வீட்டைச் சுற்றி விறகுக் குவியல், கல்லுக் குவியல், காவோலை அடுக்கு என்பன வேண்டாம். ஆபத்தான பாம்புகள் நிலத்தில்தான் ஒதுங்குகின்றன. பச்சைப் பாம்புக்கு வேண்டியது மேலே உள்ள கொடி.

பிள்ளையிடம் ஒரு பழைய கொப்பியைக் கொடுங்கள். ஆறடி தூரத்தில் நின்று, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தச் செடியில், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதட்டும். 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, தென்னிந்தியாவில் ஒரே இனம் என்று எண்ணியிருந்த பச்சைக் கொடிப்பாம்புகள் உண்மையில் பல இனங்கள் என்று காட்டியது. உற்றுப் பார்ப்பவருக்குக் கண்டறிய இன்னும் நிறைய உண்டு.

தொட்டுத் தடவி வளர்க்க ஓர் உயிர் வேண்டுமென்றால், முடிந்தவர்கள் ஒரு பேட்டுக் கோழியைப் பிள்ளையின் பெயரில் விடுங்கள். முட்டைக் கணக்கும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும்.

9. விசுவாசத்தின் ஒளியில்

ஏதேன் தோட்டத்துக் கதையைச் சொல்லிப் பாம்பைக் கண்டவுடன் அடிக்கும் கிறிஸ்தவர்கள் உண்டு. அதே வேதாகமத்தில், பாலைநிலத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பைப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். மால்டாத் தீவில் புனித பவுலின் கையை விரியன் பற்றியது. அவருக்குத் தீங்கு நேரவில்லை. அது இறைவன் தந்த காவலே அன்றி, நாமும் பாம்பைத் தூக்கிப் பார்ப்பதற்கான அழைப்பல்ல. எமது சைவ அயலவர்கள் புதூர் நாகதம்பிரானிடமும் நயினாதீவு நாகபூஷணி அம்மனிடமும் போய் வணங்கித் திரும்புகிறார்கள். பாம்பை அடிக்கத் தயங்கும் அவர்களது மனப்பான்மையிலிருந்து நாம் கற்க இடமுண்டு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட "லவ்தாத்தோ சி" சுற்றுமடல், ஒவ்வோர் உயிரும் மனிதருக்குத் தரும் பயனுக்காக மட்டுமன்றி, இறைவன் முன் தன்னளவிலேயே மதிப்புடையது என்று கற்பிக்கிறது. இதை இங்கு ஏன் சொல்கிறோம்? பச்சைப் பாம்பு வயல் எலியை ஒழித்துத் தரும் பாம்பல்ல. அந்த வேலையைச் செய்வது சாரை. பச்சைப் பாம்பால் எமது விளைச்சல் கூடும் என்று நாம் பொய் சொல்லத் தேவையில்லை. பயன் இருந்தால் மட்டும் வாழவிடுவோம் என்ற கணக்கு எவ்வளவு கொடியது என்பதை, எண்ணிக்கையாகவும் சுமையாகவும் பார்க்கப்பட்ட எமது மக்கள் அறிவார்கள். தன் இடத்தில் தன் பாட்டில் வாழ எமக்கு இருக்கும் ஆசை, வேலியில் தொங்கும் அந்தப் பாம்புக்கும் உண்டு.

கலந்துரையாடலுக்கு

1. இடம்பெயர்ந்தபோது எமது பிள்ளைகள் இழந்த வளர்ப்புப் பிராணிகள் எவை? அதைப் பற்றி அவர்களோடு பேசியிருக்கிறோமா?
2. எமது ஊரில் காணப்படும் பாம்புகள் எவை? அவற்றுள் ஆபத்தானவற்றை எமது பிள்ளைகள் பெயர் சொல்லி அறிவார்களா?
3. எமக்கு அண்மையில் பாம்புக்கடிக்கு மருந்துள்ள வைத்தியசாலை எது? இரவில் அங்கு போக என்ன ஒழுங்கு உண்டு?
4. இந்த மாரியில் எமது குழுவாக எத்தனை பாகம் உயிர்வேலி நடலாம்? கதியால்களை யாரிடமிருந்து பெறலாம்?